இன்ஜின் கம்ப்யூட்டரிடம் நான் சொன்ன பொய்

தண்ணீரில் இருந்து எடுத்த வாயுவால் கார் மைலேஜ் கூடும் என்று நானும் ஒரு காலத்தில் நம்பியவன். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பதினொரு வண்டிகளில் அந்த ஹைட்ரஜன் கிட்டை என் கையாலேயே மாட்டியும் கொடுத்திருக்கிறேன்.

புதுக்கோட்டையில் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சர்வீஸ் சென்டரில் இப்போது சூப்பர்வைசராக இருப்பவர் கலைச்செல்வி. போன மாதம் எனக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் குமிழ் குமிழாகப் பொங்குகிறது. அதன் பக்கத்தில் நின்று ஒருவர், பெட்ரோல் செலவு பாதியாகிவிடும் என்று சத்தியம் செய்கிறார். கீழே கலைச்செல்வி எழுதியிருந்தார்: "பாய், கஸ்டமர் ஒருத்தரு இத மாட்டியே ஆகணும்னு நிக்கிறாரு. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு போல." போனில் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே, "இத எழுதிக் குடுத்துருங்க பாய். அவருகிட்ட அப்படியே நீட்டிர்றேன்" என்றார். அதனால்தான் இந்த வயதில் பேனாவைத் தேடி எடுத்தேன்.

நான் தொழில் கற்ற கதை சின்னது. ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படிப்பு, அறந்தாங்கியில் லாரி ஒர்க்‌ஷாப்பில் நாலு வருடம், பிறகு ஷார்ஜாவில் ஒரு கராஜில் எட்டு வருடம். ஊரில் நான் விட்டுப் போனது கார்புரேட்டர் காலம். காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பித்தளைச் சாமான் அது. அதில் ஒரு சின்னத் திருகு உண்டு. ஸ்க்ரூடிரைவரை வைத்து, தலையைச் சாய்த்து, இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அரைச் சுற்று திருப்பினால் மைலேஜ் கூடும். கொஞ்சம் கூடுதலாகத் திருப்பினால் இன்ஜின் சூடாகும். எல்லாம் காதிலும் மணிக்கட்டிலும் இருந்த கணக்கு. இன்றைக்கும் எங்காவது பழைய அம்பாசிடர் ஒன்று உறுமிக்கொண்டு போனால் என் வலது கை தானாக ஒரு கால் சுற்று திரும்பும். வீட்டில் சிரிப்பார்கள்.

ஷார்ஜாவில்தான் இன்ஜினுக்குள் கம்ப்யூட்டர் வந்துவிட்டதைப் பார்த்தேன். எவ்வளவு பெட்ரோல் விடுவது என்று மனிதனின் காதைக் கேட்காமல் ஒரு டப்பா தானே முடிவு செய்தது. அதைப் படிக்கத் தெரிந்தவன் என்பதால்தான் ஊர் திரும்பியதும் புதுக்கோட்டையில் உடனே வேலை கிடைத்தது.

அங்கே எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர் தேவசகாயம் சார். ஆவூர்க்காரர். வண்டி கழுவுகிற ஆட்களில் தொடங்கி முதலாளி வரை எல்லோரையும் "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். அவரிடம் ஒரு மஞ்சள் அட்டை முறை இருந்தது. கோளாறு என்று எந்த வண்டி வந்தாலும், ஸ்கேனரை மாட்டும் முன்னால் ஓட்டுநரை உட்கார வைத்து மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எப்போது ஆரம்பித்தது? அதற்கு முந்தின நாள் வண்டியில் என்ன செய்தீர்கள்? யார் ஓட்டினார்கள்? பதிலை ஓட்டுநர் சொன்ன அதே வார்த்தையில் பென்சிலால் எழுத வேண்டும். நாங்கள் அவசரத்தில் "பிக்கப் குறைவு" என்று எழுதினால் அழித்துவிடுவார். "அவரு அப்படியா சொன்னாரு? 'ஏத்தத்துல மாடு மாதிரி நிக்கிது'ன்னுல்ல சொன்னாரு? அதையே எழுதுங்க."

பிறகு தானே டிரைவர் சீட்டில் ஏறி, ஏசியை அணைத்து, ரேடியோவை அணைத்து, பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். அந்தப் பத்து நிமிடமும் பக்கத்து மேடையில் யாரும் சுத்தியல் எடுக்கமாட்டோம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால் பழைய செய்தித்தாளை விரித்து, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சிலிண்டர் வரிசையில் படுக்க வைத்து, வண்டிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவார். அவருடன் வேலை செய்த அந்தப் பதினேழு வருடங்களை நினைத்தால், பெட்ரோலும் சூடான ரப்பரும் கலந்த அந்த மணத்தோடு செய்தித்தாளில் வரிசையாகக் கிடக்கும் நாலு பிளக்குகள்தான் முதலில் கண்ணில் வருகின்றன.

அப்பேர்ப்பட்டவருக்குத் தெரியாமல்தான் நான் அந்த வேலையைச் செய்தேன்.

வெளியூரிலிருந்து வந்த ஒரு வியாபாரி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு லாட்ஜ் ஹாலில் மெக்கானிக்குகளை எல்லாம் கூட்டி வைத்துக் காட்டினார். தண்ணீரில் கொஞ்சம் காஸ்டிக் சோடா கலந்து, எவர்சில்வர் தகடுகளை இறக்கி, பேட்டரி கரண்டைக் கொடுத்தார். தண்ணீர் பொங்கி வாயு வந்தது. அதைச் சோப்பு நுரைக்குள் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டினார். டப் என்று ஒரு வெடி. எனக்கு மெய் சிலிர்த்துப் போனது. இந்த வாயுவைக் காற்றோடு சேர்த்து இன்ஜினுக்குள் விட்டால் பெட்ரோல் குறைவாகச் செலவாகும் என்றார்.

வேலை நேரத்துக்கு வெளியே, தெரிந்தவர் ஒருவரின் காரில் முதலில் மாட்டினேன். ஸ்கேனரையும் வைத்துப் பார்த்தேன். நடந்தது நேர் எதிர். கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டியிருந்தது.

காரணம் இதுதான். புகைக்குழாயில் கட்டைவிரல் அளவில் ஒரு ஆக்சிஜன் சென்சார் இருக்கும். எரிந்து முடிந்த புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து அது கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஆக்சிஜன் மிச்சமிருந்தால், 'பெட்ரோல் பத்தவில்லை' என்று கம்ப்யூட்டர் கூட்டிவிடும். மிச்சமே இல்லையென்றால் 'அதிகமாகிவிட்டது' என்று குறைக்கும். தண்ணீரைப் பிரித்தால் ஹைட்ரஜனோடு ஆக்சிஜனும் சேர்ந்தே வரும். அந்த ஆக்சிஜனைக் கண்ட சென்சார் தன் கடமையைச் செய்தது.

அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். வியாபாரிக்குப் போன் போட்டேன். அவர் சிரித்தார். "கம்ப்யூட்டருக்கு ஹைட்ரஜன்னா என்னன்னு தெரியாதுங்க. ஒரு சின்னப் பெட்டி அனுப்புறேன். சென்சார் வயர அறுத்து நடுவுல வையுங்க. சரியாயிரும்."

தீப்பெட்டி அளவுப் பெட்டி அது. சென்சார் சொல்வதைக் கொஞ்சம் மாற்றி, 'பெட்ரோல் அதிகமாக இருக்கிறது' என்று கம்ப்யூட்டரிடம் சொல்லும். கம்ப்யூட்டர் நம்பிப் பெட்ரோலைக் குறைக்கும். மைலேஜ் கூடியது! பழைய கார்புரேட்டர் திருகை மறுபடி கையில் பிடித்த மாதிரி இருந்தது எனக்கு. எட்டு வருடம் ஷார்ஜாவில் எனக்குச் சொல்லாமல் முடிவெடுத்த அந்த டப்பாவை ஏமாற்றிவிட்டேன் என்று ஒரு கர்வம். காசு ஆசை என்று சொன்னால் அது பொய். கர்வம்தான். ஆறு மாதத்தில் பதினொரு வண்டி.

ஏழாவது வண்டி சிங்காரத்துடையது. கந்தர்வக்கோட்டைக்காரர், என் நண்பர். புதுக்கோட்டையில் குடியிருக்கும் ஏழு டீச்சர்களைத் தினமும் காலையில் ஏற்றிக்கொண்டு கந்தர்வக்கோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் கூட்டிவருகிற பெட்ரோல் வேன். எல்லோரும் அதை டீச்சர் வண்டி என்பார்கள். கிட் மாட்டிய மறுவாரம் சிங்காரம் ஒர்க்‌ஷாப் வாசலுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாய், என் வண்டியா இதுன்னு இருக்கு!"

அடுத்த நாலைந்து மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை. முந்திரிக் காடுகளுக்கு நடுவே போகும் ரோட்டில், செங்கல் ஏற்றிய லாரி ஒன்றை முந்தப் போனார் சிங்காரம். பாதி லாரியைத் தாண்டும்போது ஆக்சிலேட்டரை அழுத்த, வேன் இரண்டு தடவை விக்கியது. பிறகு இழுவையே இல்லை. எதிரே பஸ். பின்னால் ஒதுங்க நேரமில்லை. வலது பக்கம் மண்ணில் இறக்கிவிட்டார். வேன் குலுங்கி, ஒரு பனைமரத்துக்கு முழ தூரத்தில் நின்றது. ஆறு பேருக்கு ஒன்றுமில்லை. கணக்கு டீச்சர் வளர்மதிக்கு முன் சீட்டுக் கம்பியில் மோதி வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

வேனைக் கட்டி இழுத்து எங்களிடம் கொண்டுவந்தார்கள். நான் பானெட்டைத் திறந்தேன். தண்ணீர்க் குப்பி இல்லை. சின்னப் பெட்டி இல்லை. நிமிர்ந்து சிங்காரத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

தேவசகாயம் சார் மஞ்சள் அட்டையோடு வந்து உட்கார்ந்தார்.

"எப்பங்க ஆரம்பிச்சுச்சு?"

"பத்து நாளா ஏத்தத்துல லேசா தெணறுச்சு சார். இன்னைக்குத்தான் இப்படி."

"அதுக்கு முந்துன நாளு வண்டில என்ன பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணலைங்க சார். காத்து மட்டும் அடிச்சேன்."

"யாரு ஓட்டுனா?"

"நாந்தான் சார். வேற யாரு?"

சார் எழுதினார். இன்ஜினை ஓடவிடவில்லை, சாவியை மட்டும் திருப்பச் சொல்லி ஸ்கேனரை என்னையே மாட்டச் சொன்னார். கோளாறு நடக்கிற அந்த நொடியில் வண்டி என்ன நிலையில் இருந்தது என்று இன்ஜின் கம்ப்யூட்டர் ஒரு குறிப்பு எடுத்து வைத்துக்கொள்ளும், போட்டோ பிடித்த மாதிரி. அதைத் திறந்தேன். வேகம் அறுபத்தெட்டு. மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை. பெட்ரோல் திருத்தம் மைனஸ் இருபத்திரண்டு சதவீதம்.

சார் அந்த எண்ணைத் திரும்பப் படித்தார். "மைனஸ் இருபத்திரெண்டா? அம்புட்டு பெட்ரோலக் கொறச்சு ஓட்டியிருக்கு. சரி, பிளக்கக் கழட்டுங்க."

செய்தித்தாளில் வரிசையாக வைத்தேன். பெட்ரோல் அதிகமான வண்டியில் பிளக் கரிபிடித்துக் கறுப்பாக இருக்க வேண்டும். நாலும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தன. மூன்றாவதின் முனை உருகிக் கொப்பளித்திருந்தது.

"பாருங்க சாகுல்," என்றார் சார். "பெட்ரோல் பத்தாமத்தான் இன்ஜின் வெந்துருக்கு. ஆனா கம்ப்யூட்டரு அதிகமா இருக்குன்னு நெனச்சுக் கொறச்சுக்கிட்டே போயிருக்கு. அது கெட்டுப்போகல. அதுகிட்ட யாரோ தப்பாச் சொல்லியிருக்காங்க."

குனிந்து சென்சார் வயரைக் கையால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்றது கை. அங்கே வயரை முறுக்கி அவசரமாக டேப் சுற்றியிருந்தது. டேப்பைப் பிரித்தார். உள்ளே, முறுக்கின இடத்துக்கு இரண்டு பக்கமும் பழைய ஈயப்பற்று. மேலே சூடு காட்டிச் சுருக்கிய கறுப்புக் குழாயின் மிச்சம். ஒரு பிசிறு இல்லாத வேலை. நான் அப்படித்தான் செய்வேன். எங்கள் சென்டரில் வேறு யாரும் அந்தக் குழாயைப் போடுவதில்லை, சோம்பல்.

சார் வயரைக் கையிலிருந்து விடவில்லை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வேல சுத்தமாத்தான் இருக்கு" என்றார்.

என்னால் தாங்க முடியவில்லை. "நாந்தான் சார்" என்றேன்.

சிங்காரம் குறுக்கே பாய்ந்தார். "இல்ல சார், நாந்தான் கெஞ்சி மாட்டச் சொன்னேன். பாய் வேணாம்னுதான் சொன்னாரு."

நான் வேண்டாம் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. டீச்சரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, ஓடி வந்து என் வேலைக்கு ஆபத்து வரக்கூடாது என்று அந்தக் குப்பியையும் பெட்டியையும் பிய்த்துக் கண்மாயில் எறிந்திருக்கிறார் மனிதர். இது பிறகு அவரே சொன்னது. நான் தடுக்கவே இல்லை என்று சாரிடம் சொல்லிவிட்டேன். பொங்கும் தண்ணீர், சோப்பு நுரை, சின்னப் பெட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

சார் கேட்டது ஒன்றே ஒன்று. "மொத்தம் எத்தன வண்டி?"

"பதினொண்ணு சார்."

"அப்ப பத்து வண்டி இன்னும் ரோட்டுல ஓடுது." மஞ்சள் அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "நாளையிலருந்து நீங்க இங்கிட்டு வர வேணாம்."

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். கைக்குழந்தையாக ஒன்று, பள்ளிக்கூடத்தில் இரண்டு என்று வீடு. சார் எழுந்து நாலடி போய்த் திரும்பினார். "பத்தையும் கழட்டிட்டு, ஒவ்வொருத்தருகிட்டயும் நெசத்தச் சொல்லிட்டு வாங்க. ஸ்கேனர எடுத்துட்டுப் போங்க. அதுவரைக்கும் லீவு."

பன்னிரண்டு நாள் பைக்கில் அலைந்தேன். சிலர் திட்டினார்கள். ஒருவர் டீ கொடுத்தார். மாட்டும்போது "பாய் கை வச்சா மைலேஜ்" என்றவர்களிடமே போய், "நான் செஞ்சது தப்புங்க, இன்ஜின் வெந்துரும்" என்று சொல்வது எவ்வளவு கடினம் என்று போன பிறகுதான் தெரிந்தது. ஒன்பது கழன்றன. பத்தாமவர் திருமயத்தில் பெயின்ட் கடை வைத்திருந்த முத்தையா. வண்டிச் சாவியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு நின்றார்.

"அந்தப் பெட்டிய வேணா எடுத்துக்க. தண்ணிக் குப்பியத் தொடாத. எனக்கு மைலேஜ் குடுக்குது பாய். ஒனக்கு என்ன எரியிது?"

பெட்டியை மட்டும் கழற்றிக்கொண்டு வந்து சாரிடம் சொன்னேன். அவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் வெள்ளைச் சட்டையோடு நேராகத் திருமயம் வந்துவிட்டார். முத்தையாவை ஓட்டச் சொன்னார். திருமயத்திலிருந்து புதுக்கோட்டை, திரும்பத் திருமயம். ஒவ்வொரு முறையும் அதே பெட்ரோல் பங்கில், அதே பம்ப்பில், டேங்க் வாய் வரை நிரப்பி அளவு பார்ப்பது. ஆறு தடவை. குப்பிக்குப் போகும் கரண்டுக்கு ஒரு சுவிட்ச் வைத்து அதை என்னிடம் கொடுத்துப் பின் சீட்டில் உட்கார வைத்தார். எந்த ஓட்டத்தில் போடுகிறேன், எதில் அணைக்கிறேன் என்று முத்தையாவுக்கும் சொல்லக்கூடாது. தனக்கும் சொல்லக்கூடாது என்றார்.

ஆறாவது தடவை நிரப்பி முடித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. என் தாளையும் அவர் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். குப்பி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே அளவு பெட்ரோல்தான். குப்பி ஓடின தடவைகளில் இரண்டில் ஒரு துளி கூடுதலாகவே இருந்தது. ஆனால் ஆறு தடவையுமே குப்பி மாட்டும் முன்பு முத்தையா சொல்லிக்கொண்டிருந்த மைலேஜைவிட நன்றாகத்தான் வந்திருந்தது.

"தண்ணியப் பிரிக்க கரண்டு வேணும். கரண்டுக்கு இன்ஜின் சுத்தணும். இன்ஜின் சுத்த பெட்ரோல் வேணும்" என்றார் சார் பொறுமையாக. "இதுல சும்மா வந்தது எதுங்க? இந்தக் குப்பி வந்ததுலருந்து நீங்க மைலேஜ் பாக்கணும்னு பைய ஓட்டுறீங்க. அம்புட்டுத்தான்."

முத்தையா தன் வலது காலைக் குனிந்து பார்த்தார். "அப்ப என் காலுதான் ஹைட்ரஜனா?" என்றார். சார் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

இன்னும் ஒரு இடம் பாக்கி இருந்தது. அங்கே சார் என்னோடு வரவில்லை; வரவும் கூடாது. கட்டுப் போட்ட கையோடு வளர்மதி டீச்சர் வாசல் கதவைத் திறந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும், "ஒங்களுக்குத் தமிழ் எழுத்து நல்லா வருமா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "வரும் டீச்சர்."

"பரீட்ச பேப்பர் அம்பத்தி மூணு கெடக்கு. திருத்துறது நான் திருத்திருவேன். ஒவ்வொரு பேப்பர்லயும் புள்ளைக எங்க தப்பு விட்டுருக்குன்னு எழுதித் தரணும்ல. அத நீங்க எழுதுங்க."

அந்த வாரம் முழுக்கச் சாயங்காலம் அவர் வீட்டு மேசையில் உட்கார்ந்து சிவப்பு மையில் எழுதினேன். 'விடை சரி, வழி தப்பு. மறுபடி போட்டுப் பார்.' இந்த வரியைப் பல பேப்பர்களில் எழுதினேன். டீச்சர் என்னைத் திட்டவே இல்லை. கடைசிப் பேப்பர் முடிந்ததும் காபி கொடுத்து, "வேன் எப்ப ரெடியாகும்?" என்றார்.

வேனின் இன்ஜினை நானே இறக்கினேன். மூன்றாவது சிலிண்டரின் வால்வு ஓரம் கறையான் அரித்தது போல் தீய்ந்திருந்தது. புது வால்வு, புது பிளக், ஒட்டுப்போடாத முழு வயர். கம்ப்யூட்டரின் பழைய ஞாபகத்தை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். பெட்ரோல் திருத்தம் இரண்டு, மூன்று சதவீதத்துக்குள் நின்றது; நல்ல வண்டிக்கு அதுதான் அளவு. சார் சீட்டில் ஏறித் தன் பத்து நிமிடத்தை உட்கார்ந்தார். இறங்கி, "போகலாங்க" என்றார். அவ்வளவுதான் பாராட்டு.

முதல் நாள் ஓட்டத்துக்கு என்னையும் கூட வரச் சொன்னார் சிங்காரம். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பின்னால் ஏழு டீச்சர்கள். ஊரைத் தாண்டியதும் முன்னே வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. எதிரே ரோடு காலி. சிங்காரம் முந்தவில்லை. ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர். இரண்டு தடவை இண்டிகேட்டரைப் போட்டார், அணைத்தார். வைக்கோல் துரும்பு கண்ணாடியில் வந்து விழுந்துகொண்டே இருந்தது.

"பாய்," என்றார் வளர்மதி டீச்சர் பின்னாலிருந்து. "வண்டி இழுக்குமா?"

என் வாழ்நாளில் எத்தனையோ பேருக்கு, 'வண்டி ரெடி, எடுத்துட்டுப் போங்க' என்று யோசிக்காமல் சொல்லியிருக்கிறேன். அன்று சொல்வதற்கு முன் வால்வு, பிளக், வயர், திருத்தம் எல்லாவற்றையும் மனதுக்குள் ஒருமுறை சரிபார்த்தேன்.

"இழுக்கும் டீச்சர்."

"சிங்காரம், முந்துங்க" என்றார் அவர். "முதல் பீரியடு எனக்குத்தான்."

சிங்காரம் கியரை மாற்றி ஆக்சிலேட்டரை அழுத்தினார்.